செல் உயிரியல் அறிமுகப் புத்தகம்: பிள்ளைகளும் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்ட கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செல் உயிரியலுக்கு ஓர் அறிமுகப் புத்தகம் எழுதினேன். பல வருடம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டதைத்தான் அதில் சேர்த்திருக்கிறேன். அதைப் படித்தவர்கள் நேரிலும் போனிலும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். சித்தூர் தாலுகா என்று வரும் இடத்தில் ஆந்திரச் சித்தூரை நினைத்துவிட வேண்டாம், இது கேரளத்தின் பாலக்காட்டுச் சித்தூர், மேலே சொன்ன ஊர்கள் அதில்தான் இருக்கின்றன.

இந்தப் புத்தகம் யாருக்கு?

8ஆம் வகுப்பில் செல்லை முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளைக்கும், தமிழில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு ப்ளஸ் ஒன்னில் திடீரென்று எல்லாமே ஆங்கிலமாகி நிற்கும் பிள்ளைக்கும். இரண்டாமவரை நினைத்துத்தான் எழுதத் தொடங்கினேன். ஜூன் மாதத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தூக்கிய பிள்ளை ஆகஸ்ட்டில் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குப் பாடம் தெரியாமல் இல்லை. தெரிந்த பொருளுக்கு வேறு பெயர் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அரசுப் பாடப்புத்தகம் இருக்கும்போது இது எதற்கு?

பாடப்புத்தகத்தை விட்டுவிட்டு இதைப் படிக்கச் சொல்லவில்லை. தேர்வுக்கு அதுதான் ஆதாரம். அது செல்லுக்குள் இருக்கும் ஏழு நுண்ணுறுப்புகளை ஒரே பக்கத்தில் முடித்துவிடும். இது ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசும்.

செல், உயிரணு, கோசம், கலம்: எதைச் சொல்வது?

அதிகம் வரும் கேள்வி இது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

எங்கள் பிள்ளைகளின் காதில் விழுவதைக் கேளுங்கள். வகுப்பில் தமிழாசிரியர் ‘செல்’ என்பார், பழைய புத்தகத்தில் ‘உயிரணு’ என்று இருக்கும். பக்கத்து டிவிஷன் மலையாள டீச்சர் ‘கோசம்’ என்பார். இணையத்தில் தேடினால் இலங்கைத் தமிழ் வீடியோ ஒன்று வந்து ‘கலம்’ என்று சொல்லும். நான்கும் ஒன்றுதான்.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. இலங்கைத் தமிழில் ‘கலம்’ என்றால் செல். மலையாளத்தில் ‘கல’ என்றால் திசு, அதாவது ஒரே வேலை செய்யும் செல்களின் கூட்டம். ஓர் எழுத்துதான் வித்தியாசம், பொருளோ ஒரு படி மேலே போய்விடுகிறது. அதே போல, செல்லின் டி.என்.ஏ.வை வைத்திருக்கும் பகுதியை நாம் உட்கரு என்போம், மலையாளப் புத்தகம் ‘மர்மம்’ என்று சொல்லும். ஒரு வருடம் மாணவி ஒருத்தி, ‘செல்லுக்குள் இருக்கும் மர்மம் என்ன என்று டீச்சர் கேட்டார், இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று எழுதிவிட்டேன்’ என்று சொன்னாள். அவளுடைய தமிழ் சரி, மலையாளக் கேள்வியும் சரி. நடுவில் நின்று சொல்லித்தர ஆள்தான் இல்லை.

அதனால் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஓர் அட்டவணை வைத்தேன். செல் சவ்வு என்பது கோசஸ்தரம், செல் சுவர் என்பது கோசபித்தி, பசுங்கணிகம் என்பது ஹரிதகணம், நுண்குமிழ் என்பது ஃபேனம் என்று போகும். பக்கத்திலேயே ஆங்கில உச்சரிப்பும் தமிழ் எழுத்தில் இருக்கும். புத்தகத்தின் உள்ளே நான் ‘செல்’ என்றே எழுதியிருக்கிறேன், எல்லாருக்கும் அதுதான் வாயில் வருகிறது. ‘உயிரணு’ அழகான சொல்தான், ஆனால் வேதியியல் வகுப்பில் அணு என்று வேறொன்றைச் சொல்லித்தரும்போது சின்னப் பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

முதல் அத்தியாயத்தில் இவ்வளவு வரலாறு தேவையா?

தேதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆனால் செல் என்ற பெயர் ஒரு செத்த பொருளிலிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1665இல் ராபர்ட் ஹூக் கார்க் தக்கையை மெல்லியதாகச் சீவி லென்ஸ் வழியாகப் பார்த்தார். தேனடை போலச் சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன. சிற்றறை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பெயரும் வைத்தார். அவர் பார்த்தவை வெறும் சுவர்கள். உள்ளே இருந்தவர் எப்போதோ போய்விட்ட வீடு.

உயிருள்ளதைப் பார்த்தவர் ஹாலந்தில் டெல்ஃப்ட் ஊரில் துணி வியாபாரம் செய்துகொண்டிருந்த லேவன்ஹூக். குளத்துத் தண்ணீரிலும் பல்லழுக்கிலும் துள்ளும் உயிர்களைப் பார்த்துக் கடிதம் எழுதினார். பிறகு 1831இல் ராபர்ட் பிரவுன் உட்கருவுக்குப் பெயர் வைத்தார். தாவரங்கள் எல்லாம் செல்களால் ஆனவை என்று 1838இல் ஷ்லைடனும், விலங்குகளும் அப்படித்தான் என்று 1839இல் ஷ்வானும் சொன்னார்கள். ஒரு செல் இன்னொரு செல்லிலிருந்துதான் வரும் என்று 1855இல் வீர்கோ அழுத்திச் சொன்னார். ஹூக்கிலிருந்து இதுவரை வர 190 வருடம் ஆயிற்று. ஒரு பீரியடில் புரியவில்லை என்று அழும் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

எங்கள் பள்ளியில் மைக்ரோஸ்கோப் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. என்ன செய்வது?

முதலில், திறந்து தரச் சொல்லிக் கேளுங்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்று பயந்து மூன்று வருடம் பூட்டியே வைத்திருந்தார்கள். ஒரு மழைக்காலம் முடிந்து திறந்தபோது லென்ஸ் முழுக்கப் பூஞ்சை படர்ந்திருந்தது. கைபட்டு உடைவதைவிட, பூட்டி வைத்துக் கெடுவதுதான் இந்தப் பக்கம் அதிகம்.

நிஜமாகவே இல்லை என்றால், காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் கிடைக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கியது, ஏறத்தாழ 140 மடங்கு பெரிதாக்கும். ஒரே ஒரு குட்டி லென்ஸ்தான் அதில். லேவன்ஹூக்கின் கருவியிலும் ஒரே லென்ஸ்தான் இருந்தது.

வெங்காயத் தோல் ஸ்லைடு சரியாக வரவில்லை. எங்கே தப்பு?

பெரும்பாலும் வெங்காயத்தில்தான். தாள் போல உரியும் காய்ந்த வெளித்தோலை எடுத்துவிடுகிறார்கள். தேவையானது அதில்லை. பெரிய வெங்காயத்தை, கடையில் சவாள என்று கேட்டால் தருவார்களே அதை, நான்காக நறுக்குங்கள். உள்ளே இருக்கும் சதைப்பற்றான ஓர் அடுக்கைப் பிரித்து, உட்குழிவான பக்கத்தை வெளிப்பக்கமாக மடக்கி ஒடியுங்கள். ஒடிந்த இடத்தில் கண்ணாடி போல ஒரு சவ்வு தொங்கும். இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுத்தால் வந்துவிடும்.

உடனே தண்ணீரில் போட்டுவிடுங்கள், காற்றில் விட்டால் சுருண்டுகொள்ளும். நகத்தளவு துண்டு போதும். ஸ்லைடில் விரித்து சஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்துக் கழுவுங்கள். சஃப்ரனின் இல்லையென்றால் ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டி அயோடினைத் தண்ணீர் கலந்து பயன்படுத்தலாம். கவர்ஸ்லிப்பை ஒரு விளிம்பில் சாய்த்து வைத்து, ஊசியால் தாங்கி, மெல்ல இறக்குங்கள். தொப்பென்று போட்டால் காற்றுக்குமிழி மாட்டிக்கொள்ளும். கறுத்த தடித்த விளிம்போடு வட்டமாக ஒன்று தெரிந்தால் அது குமிழி. வருடா வருடம் யாராவது ஒருவர் அதை உட்கரு என்று வரைந்து கொண்டுவருவார்கள்.

10 மடங்கு கண்ணருகு லென்ஸ், 10 மடங்கு பொருளருகு லென்ஸ்: மொத்தம் 100 மடங்கு. செங்கல் அடுக்கியது போல நீள நீளமான அறைகள் தெரியும். ஒவ்வொன்றிலும் ஓர் ஓரமாக ஒரு பொட்டு. அதுதான் உட்கரு. நடுவில் இல்லாமல் ஏன் ஓரத்தில் என்று கேளுங்கள்: நடுவிடம் முழுக்க, நீர் நிறைந்த பை போன்ற நுண்குமிழ் ஆக்கிரமித்திருக்கிறது. முதல் தடவை இதைப் பார்த்த பிள்ளை லென்ஸிலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள், பின்னால் வரிசை நிற்கும். நிற்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

ஸ்லைடில் மைட்டோகாண்ட்ரியா தெரியவில்லையே? படத்தில் இருக்கிறதே?

சாதாரண ஒளி நுண்ணோக்கியால் 0.2 மைக்ரோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது. செல்லுக்கு ஆற்றல் எடுத்துத்தரும் மைட்டோகாண்ட்ரியாவின் குறுக்களவு பெரும்பாலும் அரை மைக்ரோமீட்டர் அளவில்தான் இருக்கும். தனிச் சாயம் போட்டால் புள்ளி போலத் தெரியலாம், உள்ளே இருக்கும் மடிப்புகள் தெரியாது. புரதம் கட்டும் ரைபோசோம் இன்னும் பல மடங்கு சிறியது. அந்தப் படங்கள் எல்லாம் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு கிடைத்தவை. 1931இல்தான் ஜெர்மனியில் நோலும் ருஸ்காவும் அதன் முதல் வடிவத்தைச் செய்தார்கள்.

படத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாடப்புத்தகப் படத்தில் செல் ஒரு தட்டு மாதிரியும், நுண்ணுறுப்புகள் அதில் பரிமாறிய பலகாரம் மாதிரியும் இருக்கும். நிஜச் செல்லுக்கு நீள அகலத்தோடு உயரமும் உண்டு, உள்ளே தேர்த்திருவிழா நெரிசல். கல்பாத்தித் தேர் வீதியை மனத்தில் வைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள்.

‘தாவரத்துக்குப் பசுங்கணிகம், விலங்குக்கு மைட்டோகாண்ட்ரியா’ என்று எழுதலாமா?

கூடாது. தாவரத்துக்கு இரண்டும் உண்டு. பசுங்கணிகம் வெயிலில் சர்க்கரை தயாரிக்கும், அந்தச் சர்க்கரையை உடைத்துச் செலவுக்கேற்ற ஆற்றல் சில்லறையாக மாற்றுவது மைட்டோகாண்ட்ரியா. ராத்திரியில் தென்னைக்கும் சில்லறை வேண்டாமா? வேருக்குப் பகலிலும் அதுதான் கதி, மண்ணுக்குள் வெயில் ஏது.

சவ்வூடு பரவல் எவ்வளவு படித்தாலும் மறந்துபோகிறது.

வீட்டில் கண்ணிமாங்காய் ஊறுகாய் போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். பரணி என்ற ஊறுகாய் ஜாடியில் மாங்காயும் கல்லுப்பும் மட்டும்தான் போடுகிறார்கள், தண்ணீர் ஊற்றுவதில்லை. சில நாள் கழித்துத் திறந்தால் பரணியில் தண்ணீர் நிற்கிறது, மாங்காய் கிழவி முகம் போலச் சுருங்கிக் கிடக்கிறது. அந்தத் தண்ணீர் மாங்காய்ச் செல்களுக்குள் இருந்தது. வெளியே உப்பு அதிகம், உள்ளே குறைவு, நடுவில் தண்ணீரை எளிதாக விட்டு உப்பை அவ்வளவு எளிதில் விடாத சவ்வு. தண்ணீர் உப்பு அதிகமுள்ள பக்கம் போயிற்று. இதுதான் சவ்வூடு பரவல். பாயசத்தில் போட்ட உலர்திராட்சை உப்புவது இதன் மறுதலை.

லேபில் பார்க்க ரியோ செடி இலையின் ஊதா நிற அடித்தோல் நல்லது. உப்புத் தண்ணீர் விட்டதும் ஊதா நிறம் சுவரை விட்டு உள்ளே சுருங்குவது கண்ணுக்கு முன்னாலேயே நடக்கும்.

குழந்தைகள் புத்தகத்தில் கள்ளைப் பற்றி எதற்கு எழுதினீர்கள்?

பெற்றோர் சிலர் வருத்தத்தோடு கேட்டார்கள். அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் சித்தூர் தாலுகா கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போகும் இடம். எங்கள் பிள்ளைகளில் பலருடைய வீட்டுச் சோறே அந்தத் தென்னந்தோப்பிலிருந்து வருகிறது. பாளையைச் சீவி இறக்கும்போது இனிப்பாக இருக்கும் நீர், வெயில் ஏற ஏற நுரைத்துப் புளிப்பதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அது ஈஸ்ட் என்ற ஒற்றைச் செல் உயிரியின் வேலை. உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் உள்ள, நம் செல்லுக்குத் தூரத்துச் சொந்தமான உயிரி. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அது சர்க்கரையை முழுதாக உடைக்காமல் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் விட்டுவிடுகிறது. நுரை அந்த வாயுதான். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் ஈஸ்ட்டுக்கு அந்தக் காரத்தன்மை ஒத்துக்கொள்வதில்லை, அதனால் பதநீர் பதநீராகவே இருக்கிறது. தோப்பில் வேலை செய்யும் அப்பாவுக்கு இந்தச் சங்கதி தெரியும். அவர் கைப்பழக்கத்தில் ஒரு செல்லின் பாடம் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். குடிக்கச் சொல்லி ஒரு வரியும் அதில் இல்லை.

ஒரு குளுக்கோஸிலிருந்து எத்தனை ஏ.டி.பி.? 38, 36, 32, 30 என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

மேலே சொன்ன ஆற்றல் சில்லறையின் பெயர்தான் ஏ.டி.பி. தேர்வில் உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள எண்ணை எழுதுங்கள். ஏன் மாறுகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். சர்க்கரை உடையும்போது வரும் ஆற்றலைச் சுமந்துபோகும் மூலக்கூறுகள் என்.ஏ.டி.எச்., எஃப்.ஏ.டி.எச்.2. பழைய கணக்கில் முதலாவதில் ஒன்றுக்கு 3, இரண்டாவதில் ஒன்றுக்கு 2 என்று முழு எண்ணாகப் போட்டார்கள். பிறகு அளந்து பார்த்ததில் 2.5, 1.5 என்பதுதான் பொருந்தி வந்தது. அப்படிக் கூட்டினால் 30 அல்லது 32. ஆக்சிஜன் இல்லாத ஈஸ்ட்டுக்கு மிஞ்சுவது 2 மட்டும்.

புத்தகத்தில் அச்சான எண் மாறுமா என்று அதிர்ச்சியடைய வேண்டாம். டி.என்.ஏ.வைத் தாங்கும் குரோமோசோம் மனிதனுக்கு 48 என்று 1920களிலிருந்து உலகம் முழுக்கப் பாடம் நடத்தினார்கள். 1956இல் ட்ஜியோவும் லெவானும் நன்றாகப் பரப்பிய ஸ்லைடில் எண்ணிப் பார்த்து 46 என்றார்கள்.

50ம் 30ம் சேர்ந்தால் 80தானே? ரைபோசோம் ஏன் 70எஸ்?

பாக்டீரியாவின் ரைபோசோமில் 50எஸ், 30எஸ் என்று இரண்டு துண்டு, சேர்ந்தால் 70எஸ். ‘எஸ்’ என்பது எடை அல்ல. வேகமாகச் சுழற்றும்போது ஒரு துகள் எவ்வளவு விரைவாக அடியில் படிகிறது என்ற அளவு. அது எடையை மட்டும் பொறுத்ததல்ல, வடிவத்தையும் பொறுத்தது. இரண்டு துண்டும் ஒட்டிக்கொண்டால் வடிவம் மாறிவிடும், அதனால் நேர்க்கூட்டல் வராது. நம் செல்லிலும் 60, 40 சேர்ந்து 80தான்.

கோழிமுட்டை ஒரே செல்லா?

மஞ்சள்கரு மட்டும், அதுவும் கரு வளரத் தொடங்காத முட்டையில். வெள்ளையும் ஓடும் செல் அல்ல.

அறிமுகப் புத்தகத்தில் அரிவாள் செல் நோய்க்கு ஒரு முழு அத்தியாயம் ஏன்?

அட்டப்பாடி எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே இருளர், முடுகர், குறும்பர் மக்களிடையே இந்த நோய் இருக்கிறது. வயநாட்டிலும் இருக்கிறது. இந்தியாவில் இது முதலில் பதிவானதே 1952இல் பக்கத்து நீலகிரியில்தான். அட்டப்பாடியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பையன், கைகால் வலியென்று அடிக்கடி லீவு போடுவான். ஏமாற்றுகிறான் என்று நானே ஒருமுறை கடிந்திருக்கிறேன். பிறகுதான் காரணம் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரியாதது என் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் அந்த அத்தியாயத்தை எழுதினேன்.

சிவப்பணு சாதாரணமாக 7 மைக்ரோமீட்டர் அகலமுள்ள, நடுவில் குழிந்த வட்டத்தட்டு. அதற்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலி 146 அமினோ அமிலங்கள் கோத்தது. அதில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்தால் போதும். ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பி போல நீண்டு, செல்லையே அரிவாள் மாதிரி வளைத்துவிடுகிறது. வளைந்த செல் மெல்லிய ரத்தக்குழாயில் சிக்கிக்கொள்ளும். அந்தப் பையனின் வலி அதுதான். 120 நாள் இருக்க வேண்டிய சிவப்பணு 10, 20 நாளில் அழிந்துபோவதால் ரத்தசோகையும் வரும்.

தாய், தகப்பன் இருவரும் நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது என்று கணக்குப் போடக் கூடாது, ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகத் தொடங்கும். இது தொற்றாது, சாபமும் இல்லை. ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். 2047க்குள் இதை ஒழிப்பது என்ற இலக்கோடு 2023இல் மத்திய அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது.

செல் பிரிதலின் நிலைகளைத் தலைகீழாக மனப்பாடம் செய்துவிட்டேன். போதுமா?

ஒரே ஒரு தடவை வெங்காய வேர்நுனியை நசுக்கிப் பாருங்கள். தண்ணீர் நிறைந்த டம்ளர் வாயில் வெங்காயத்தை உட்கார வைத்தால் சில நாளில் வெள்ளை வேர் இறங்கும். நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் வேண்டும், அங்கேதான் செல்கள் பிரிகின்றன. ஸ்லைடில் பெரும்பாலான செல்கள் ஒன்றும் செய்யாதது போல இருக்கும். அவை இடைநிலையில் இருக்கின்றன, டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்குவது உட்பட எல்லா ஏற்பாடும் அப்போதுதான் நடக்கிறது. ஆய்வகத்தில் வளர்க்கும் மனித செல்லுக்கு 24 மணி நேரச் சுழற்சி என்றால், பிரிவதற்கு ஆவது ஒரு மணி நேரம் அளவுதான். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம். நடுக்கோட்டில் அவை வரிசைகட்டி நிற்கும் ஒரு செல்லைத் தேடிப் பிடித்துவிட்டால் மெட்டாஃபேஸ் என்ற அந்த நிலை மறக்காது.

தமிழில் படித்தால் பிற்பாடு திணற மாட்டார்களா?

பொருள் பிடிபட்ட பிள்ளைக்குப் புதுப் பெயர் ஒரு மாதத்துச் சிரமம். அதனால்தான் ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தையும் ஆங்கிலச் சொற்கள் மிகுந்த நடையில் வைத்திருக்கிறேன், ப்ளஸ் ஒன் வகுப்பு எப்படி ஒலிக்கும் என்று காது பழகட்டும்.

எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து இந்தத் துறைக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். ஜி.என். ராமச்சந்திரன் 1922இல் எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். செல்களுக்கு வெளியே அவற்றைத் தாங்கி நிற்கும் கொல்லாஜன் புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்று 1954இல் சென்னையிலிருந்து கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து சொன்னார். ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர். அந்த 30எஸ் துண்டைத்தான் அவர் அணு அணுவாகக் காட்டினார்.

புத்தகத்தில் பிழை கண்டால்?

சொல்லுங்கள், அடுத்த பதிப்பில் திருத்துவேன். முதல் பதிப்பில் வெங்காயத்தோல் செல் படத்துக்குள் இரண்டு பச்சைப் பசுங்கணிகம் வரைந்துவிட்டிருந்தேன். மண்ணுக்குள் வளரும் வெங்காயச் செதிலில் பச்சை கிடையாது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் ஸ்லைடைப் பார்த்துவிட்டு, புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, ‘சார், நான் நாலு ஸ்லைடு போட்டேன், ஒன்றில்கூடப் பச்சை இல்லை’ என்று வந்து நின்றாள். இரண்டாம் பதிப்பில் அந்தப் பக்கத்துப் படம் அவள் பென்சிலில் வரைந்தது.